கிடங்கில்: பெயர் மட்டும் எஞ்சிய நகரம்

சிறுபாணாற்றுப்படையைப் பாடம் சொல்லும்போது ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கொடையைப் பற்றி நாம் விரிவாகப் பேசுகிறோம். நத்தத்தனார் அவனைக் கிடங்கிலின் தலைவன் என்று பாடினார். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களின் வழியே பாணனை அவனிடம் ஆற்றுப்படுத்தினார். அந்தக் கிடங்கில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். அது தொலைவில் இல்லை. திண்டிவனம் நகராட்சிக்குள் கிடங்கல் என்ற பெயரில் இன்று ஒரு குடியிருப்புப் பகுதியாக இருக்கிறது. நற்றிணையில் கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனாரும் குறுந்தொகையில் கிடங்கில் குலபதி நக்கண்ணனாரும் தம் பெயரின் முன்னே தாங்கிய ஊர் இதுவே.

கிடங்கு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் அகழி என்று பொருள். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நெல் மூட்டைகளை அடுக்கும் கட்டடமே நினைவுக்கு வருகிறது. சொல்லின் பழம்பொருள் வழக்கிலிருந்து மறைந்ததைப் போலவே, அப்பொருள் சுட்டிய அகழியும் கண்ணிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது. இடிந்த கோட்டையையும் அகழியையும் பற்றி இருபதாம் நூற்றாண்டுத் தமிழறிஞர்கள் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்டதைத் தேடி இன்று செல்பவர் வீட்டு மனைகளுக்கு இடையே அலைய வேண்டியிருக்கும்.

இதே மாவட்டத்தில் நேர் எதிரான நிலையும் உண்டு. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மராத்தியரின் படைத்துறை நிலப்பரப்பு என்ற தலைப்பில் இடம்பெற்ற 12 கோட்டைகளில் தமிழகத்தைச் சேர்ந்தது இது ஒன்றே. இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டத்தை 2010இல் திருத்தியபோது இவ்விதி உறுதிப்பட்டது. மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது.

ஆனால் இவை அனைத்தும் பட்டியலில் பெயர் ஏறிய இடங்களுக்கு மட்டுமே வேலி. பட்டியலுக்கு வெளியே நிற்கும் மண்மேடும், குளக்கரைக் கொற்றவையும், வயல்வரப்பில் சாய்ந்து கிடக்கும் கல்வெட்டும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் மனுவைப் பார்க்கும் நகராட்சி அலுவலரிடம் இவ்விடங்களைக் குறித்த வரைபடம் இருக்க வேண்டும். அது இல்லாதவரை அவரைக் குறைகூறிப் பயனில்லை.

விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டை இங்கே எண்ணிப் பார்க்கலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி நான்முகனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இல்லம் எடுத்ததாக அது கூறுகிறது. அழியும் பொருளை விலக்கி அழியாத பொருளைத் தேர்ந்த மன்னனின் நம்பிக்கை 1400 ஆண்டுகளுக்குப் பிறகும் பொய்க்கவில்லை. எனினும் பாறையே விலைபோகும் காலம் இது. கல்குவாரிகள் மலிந்த மாவட்டத்தில் குன்று என்பதும் நிரந்தரமான சொல் அன்று. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்கள் ஒரே பாறையில் அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கே உள்ளது. அத்தகைய ஒரு பாறை உடைபட்டால் ஈடுசெய்ய வேறு பிரதி கிடையாது.

கோயில்களின் நிலை வேறு. அங்கே ஆபத்து பெரும்பாலும் பக்தியின் பெயரால் வருகிறது. திருப்பணி என்று சொல்லி மணல்வீச்சால் சுவரைத் தேய்க்கும்போது எழுத்தும் தேய்கிறது. எண்ணாயிரம் கோயிலின் இராசேந்திர சோழன் கல்வெட்டு 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. அந்தச் சுவர் எப்போதோ பளபளப்பாக்கப்பட்டிருந்தால் இச்செய்தியே நமக்கு எட்டியிராது. தொன்மையான கோயில்களையும் சின்னங்களையும் காக்க 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றம் 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. 2012இல் இயற்றப்பட்ட மரபு ஆணையச் சட்டமோ நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கும் மேலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் இடிந்தவற்றுக்குக் கணக்கு எழுதுவார் இல்லை.

பிரான்சு நாட்டில் இப்பணியின் தொடக்கத்தில் ஓர் எழுத்தாளர் இருந்தார். ‘கார்மென்’ கதையை எழுதிய மெரிமே 1834இல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமைக் கண்காணிப்பாளரானார். ஊர் ஊராகச் சென்று பார்த்து எழுதினார். 1840இல் அந்நாட்டின் முதல் பட்டியல் உருவாயிற்று. எதையும் காப்பதற்கு முன்னால் அதன் பெயரை எழுதியாக வேண்டும் என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

திண்டிவனமும் விழுப்புரமும் செய்யக்கூடிய முதல் வேலையும் அதுதான். வார்டு வாரியாக ஒரு பட்டியல் வேண்டும். அதில் கோயிலும் குளமும் மேடும் நடுகல்லும் பழைய கட்டடமும் சர்வே எண்ணோடு இடம்பெற வேண்டும். கட்டட அனுமதி வழங்கும் மேசையில் அப்பட்டியல் இருக்க வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. இவ்வூர்க் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய களப்பணி இது. செஞ்சியை உலகம் பார்த்துக்கொள்ளும். கிடங்கிலைத் திண்டிவனத்தார்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.