கவாகோயேயின் செங்கிழங்கு

தோக்கியோ மாநகருக்கு வடமேற்கே முசாஷினோ என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கின்றது. எரிமலைச் சாம்பல் படிந்து உருவான மண் அது. காற்றடித்தால் புழுதியாய்ப் பறக்கும், நீர் தங்காது, நெல்லுக்கு உதவாது. இம்மண்ணை நம்பி வாழ்ந்த உழவர்க்குக் கைகொடுத்தது சர்க்கரைவள்ளிக்கிழங்கே. 1751ஆம் ஆண்டில் மினாமி நாகாய் என்னும் சிற்றூரைச் சேர்ந்த யோஷிதா யாஎமோன், கஸுஸா நாட்டிலிருந்து 200 விதைக்கிழங்குகளைத் தருவித்துப் பயிரிட்டார். கவாகோயே வட்டாரத்தின் கிழங்கு வேளாண்மை அதிலிருந்தே தொடங்கிற்று.

அந்நாளில் தோக்கியோவின் பெயர் எதோ. கவாகோயேயின் கிழங்கு ஆற்றுவழியே படகுகளில் அந்நகரை அடைந்தது. சுட்டகிழங்கு விற்போர், தம் பண்டத்தைப் 'பதின்மூன்று காதம்' என்று கூவி விற்றனராம். ஜப்பானிய மொழியில் கஷ்கொட்டையைக் குறிக்கும் சொல் ஒன்பது காதம் என்றும், 'விட' என்னும் பொருள்படும் சொல் நான்கு காதம் என்றும் ஒலிக்கும். இரண்டையும் கூட்டினால் பதின்மூன்று. கஷ்கொட்டையைவிடச் சுவையானது என்பது கருத்து. எதோவிலிருந்து கவாகோயேயின் தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால் சிலேடை இன்னும் பொருந்திற்று.

இக்கிழங்கின் வரலாற்றைத் திருப்பியவர் அரசரோ அறிஞரோ அல்லர். ஓர் உழவர் வீட்டுப் பெண்மணி. 1898ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இன்றைய சைத்தாமா நகரத்தின் பகுதியான உராவாவில், யமாதா இச்சி என்பவர் கிழங்கு அகழ்ந்துகொண்டிருந்தார். விளைந்திருந்தது யத்சுபுசா என்னும் பழைய இனம். அவற்றுள் ஒரு கொடியின் கிழங்குகள் மட்டும் கண்ணைப் பறிக்கும் செந்நிறத்தோடு இருந்தன. இயற்கையாக நேர்ந்த மாறுதல் அது. சமைத்துப் பார்த்தபோது சுவையும் மேலோங்கி நின்றது. அவற்றை உண்டு தீர்க்காமல் அம்மையார் விதைக்கெனக் காத்தார். கொடியின் துண்டை நட்டால் தாய்ச்செடியின் குணம் மாறாமல் வரும் பயிராதலின், ஒரு கொடி ஆண்டுக்காண்டு பல வயல்களாயிற்று. அவருடைய மருமகன் ஒருவர் அதனைப் பரப்பினார். பெனியாகா என்று பெயர் பெற்ற அவ்வினம் சந்தையில் நல்ல விலை கண்டது. 1931ஆம் ஆண்டில்தான் அம்மையாருக்குப் பரிசு கிடைத்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்தேனும் நினைத்தார்களே!

ஆனால் பெனியாகா எளிதில் வசப்படும் பயிரன்று. நிலம் பார்க்கும், உரம் மிகுந்தால் இலையும் கொடியுமாய்த் தழைத்துக் கிழங்கு சிறுத்துவிடும். விளைச்சலும் குறைவு. இனம் நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? செய்முறை வேண்டும். கவாகோயேயை அடுத்த ஃபுகுஹாரா ஊரில் வாழ்ந்த அகசாவா நிஹெய் (1837–1920) அதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். தம் வயலையே ஆய்வுக்கூடமாக்கி நட்டு, அகழ்ந்து, ஒப்பிட்டார். விளைச்சலை ஏறக்குறைய இருமடங்காக்கினார் என்று போற்றப்படும் அவருடைய முறை 1910ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

அவ்வட்டார உழவர் கைக்கொண்ட முறையில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. குளிர்காலத்தில் காட்டில் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்து நாற்றங்காலில் நிரப்புவர். இலை மக்கும்போது எழும் சூட்டில் விதைக்கிழங்கு முளைவிடும். அம்மக்கே பின்னர் வயலுக்கு உரமாகும். முளைத்த கொடியை வெட்டி, உயர்ந்த பாரில் படுக்கையாக நடுவர். மண்ணுள் புதைந்த கணுக்களிலிருந்தே கிழங்காகும் வேர்கள் இறங்குவதால், படுத்த கொடியில் கிழங்கின் எண்ணிக்கை கூடும். நிமிர்த்தி நட்டால் எண்ணிக்கை குறைந்து பருமன் கூடும். பார் உயர்ந்திருந்தால் மண் இளகி, கிழங்கு தடையின்றிப் பருக்கும்.

போர்க்காலம் இக்கணக்கையெல்லாம் புரட்டிப்போட்டது. உணவுக்கும், எரிபொருளான சாராயத்துக்கும் கிழங்கு தேவைப்பட்டது. சுவையை எவர் கேட்பார்? 1934ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட ஒகினாவா 100 என்னும் இனம் மிகுதியாக விளைந்தது, நீர்த்த சுவையுடையது. பசிக்கு அதுவே போதும் என்றாயிற்று. அக்காலத்தைக் கடந்த ஜப்பானியர் பலர், பின்னாளில் வள்ளிக்கிழங்கையே வெறுத்தனர்.

1980களில் வந்த பெனியசுமா, சுவையையும் விளைச்சலையும் ஒருங்கே தந்து பெனியாகாவைப் பெரும்பாலான வயல்களிலிருந்து வெளியேற்றிவிட்டது. ஆயினும் புத்தாண்டு இனிப்புக்கு அதன் மஞ்சள் நிறச் சதையே சிறந்ததென்று சில உழவர் அதனை இன்னும் பயிரிடுகின்றனர். முசாஷினோவின் இலைமக்கு வேளாண்மையை, உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2023ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.