மரச்சட்டம் இல்லாத சோபா

சோபா என்றால் உள்ளே மரச்சட்டம், அதன்மேல் ஸ்பிரிங், பஞ்சு என்றுதான் நாம் அறிவோம். 1973-இல் மிஷேல் துக்கருவா என்ற பிரெஞ்சுக்காரர் சட்டம், கால் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, முழுக்க நுரையாலேயே ஒன்றை வடிவமைத்தார். பெயர் 'தோகோ'. செய்தவர்கள் லிஞ் ரொசே. 1860-இல் குடைக்கைப்பிடி கடைந்து தொழில் தொடங்கிய குடும்பம்.

மடங்கிக் கிடந்த பற்பசைக் குழாய்தான் இந்த யோசனையைத் தந்ததாம்! பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

சுகத்தின் சூட்சுமம் நுரையில் இருக்கிறது. ஒரே நுரை அல்ல. வெவ்வேறு அடர்த்தியுள்ளவற்றை அடுக்கியிருப்பார்கள். பாரம் தாங்குவது ஒன்று, உடலுக்கு இதம் தருவது மற்றொன்று. மேலே மெத்தை போல் தைத்த உறை, மடிப்பு மடிப்பாக.

அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. நுரையோ பெட்ரோலியத்தின் பிள்ளை. ஆனாலும் தோகோ பிழைத்து, இன்றும் விற்கிறது.

இவ்வளவு தாழ்வாக ஏன்? கணப்பருகே குளிர்காயப் போடும் குட்டை நாற்காலியைப் பிரெஞ்சில் 'ஷொஃபேஸ்' என்பார்கள். தோகோவின் ஒற்றை இருக்கைக்கும் அதே பெயர்தான். உட்காருவது சுகமே. எழுபதைத் தாண்டிய முழங்கால்களோடு எழுந்திருப்பதுதான் வேறு விஷயம். அதற்குக் கைபிடிக்க ஒரு பேரன் வேண்டும்.