அநுமதியின் இருப்பிடம்: கணிப்பொறியில் பிரவேச உரிமை வளர்ந்த வரலாறு

திண்ணை வழிப்போக்கனுக்கும், கூடம் உறவினருக்கும், பெட்டகம் உள்ள அறை வீட்டை உடையவருக்கும் உரியவை என்பது எவரும் எழுதிவைக்காமலே விளங்கிவந்த வழக்கம். ஆனால் பலர் ஏககாலத்தில் உபயோகிக்கும் கணிப்பொறியில், எழுதிவைக்காத வழக்கம் எதுவும் செல்லாது. ஆகையால், எவர் எப்பகுதியில் எதைச் செய்யலாம் என்னும் அநுமதியை எவ்விடத்தில் எழுதிவைப்பது என்பதே அத்துறையினரை நெடுநாள் வருத்திய வினாவாயிற்று. அநுமதி வாசலிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து பதவிக்கும் இடம்பெயர்ந்த வரலாறே இக்கட்டுரையின் விஷயம்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1961 நவம்பரில் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். என்னும் காலப்பகிர்வு முறையில், கடவுச்சொல்லே காவலாக விரைவில் வந்து அமர்ந்தது. அக்காவலின் போதாமையை 1960களின் நடுவில் நேர்ந்த ஒரு சம்பவம் வெளிப்படுத்திற்று. கோப்புகளைத் திருத்தும் நிரலை இயற்றியவர்கள், கோப்புகள் அடங்கிய ஓர் அடைவில் ஒருவரே பணிபுரிவர் என எண்ணித் தற்காலிகக் கோப்புக்கு மாறாத ஒரே பெயரை வைத்திருந்தனர். நிர்வாகிகள் இருவர் ஒரே அடைவில் ஒரே வேளையில், ஒருவர் அன்றைய அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொற் கோப்பையும் திருத்த, இரண்டும் இடம் மாறி, உள்ளே நுழைந்தோர் அனைவரின் முன்னும் எல்லோருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாக அச்சாயின. வாசலில் பிழை இல்லை. உள்ளறையின் அதிகாரத்தைச் சௌகரியம் கருதிப் பலர் பங்கிட்டுக்கொண்டதே பிழை.

சி.டி.எஸ்.எஸ். முறைக்குப் பின்வந்த மல்டிக்ஸ் முறைக்கென டேலியும் நியூமனும் 1965இல் வரைந்த கோப்பமைப்பில், அநுமதி பொருளையே சேர்ந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் அதனை நாடத்தக்கவர் பெயர்ப்பட்டியல் ஒன்று உரியதாயிருந்தது. படித்தல், இயக்குதல், எழுதுதல் என்பவற்றோடு, இறுதியில் சேர்த்தல் என்பதும் தனி உரிமையாக எண்ணப்பட்டது. கோயில் உண்டியலில் எவரும் இடலாம், எவரும் எடுக்கலாகாது என்பதை ஒத்த நுட்பம் இது.

பட்டியல் நீண்டால் சுமையும் நீளும். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஆக்கிய யூனிக்ஸ் முறையின் 1971ஆம் ஆண்டு முதற்கையேடு, உடையவர், பிறர் என்ற இரு வகுப்போடு நின்றது; குழு என்னும் மூன்றாம் வகுப்பு பின்னர் வந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்ற கணக்கில், 640 என்று குறித்த கோப்பை உடையவர் படிக்கவும் எழுதவும் கூடும். குழுவினர் படிக்க மட்டும் கூடும். பிறருக்கு யாதும் இல்லை. மூன்றே இலக்கங்களில் ஒரு சாசனம் அடங்கிவிட்டது.

அதே 1971இல் பட்லர் லாம்ப்சன், ஆட்களை வரிசைகளாகவும் பொருள்களை நெடுவரிசைகளாகவும் நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் உரிமையை எழுதும் அட்டவணையை விளக்கினார். 1975இல் சால்ட்சரும் ஷ்ரோடரும், காரியத்துக்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட உரிமை எவருக்கும் ஆகாது என்றும், அநுமதி எழுதப்படாத இடத்தில் மறுப்பே இயல்பாக இருத்தல் வேண்டும் என்றும் தத்துவங்களாக வகுத்தனர்.

ஆயினும் ஊழியர் வருவதும் போவதுமாக இருக்கும் பெரிய ஸ்தாபனங்களில், ஒருவர் மாறுந்தோறும் நூற்றுக்கணக்கான பட்டியல்களைத் திருத்துதல் இயலாது. இதனைக் கண்ட டேவிட் பெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் 1992இல், உரிமையைப் பதவிக்கு அளித்து, ஆளைப் பதவியில் அமர்த்தும் முறையை முன்வைத்தனர். 1996இல் ரவி சாந்து முதலியோர் அதனை விரித்துரைக்க, 2004இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாயிற்று. காசாளர் மாறினால் பெயரொன்று மாறும். காசாளருக்குரிய அதிகாரம் மாறாது.

பூட்டின் வலிமையைக் காட்டிலும், அநுமதியை எழுதும் இடத்தைத் தேர்ந்ததே இத்துறைக்கு அதிகப் பயனளித்தது என்பது இவ்வரலாற்றால் பெறப்படும். பகுதிகளைப் பிரித்து உரிமை வழங்கும் எவரும், யாருக்குத் திறப்பது என்று யோசிக்குமுன், எல்லாவற்றையும் மூடிவைத்துத் தொடங்குவதே முறை.