வழியில் நிற்கும் பணம்

பணத்தைக் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். கைக்கு வந்த பிறகுதான் கயிற்றை அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். வி.பி.பி. என்ற மூன்றெழுத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அறிந்திருந்த முறையின் ஆதார விதி இது. இந்திய அஞ்சல் துறை 1877இல் இதைத் தொடங்கியது. கண்ணால் காணாத கடையில், முகம் தெரியாத வியாபாரியிடம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பொருள் வாங்கும் வழக்கம் அதன் பிறகுதான் ஊர்ப்புறம் வரை பரவியது. இன்று கைபேசியில் நடக்கும் வியாபாரத்துக்கும், அதோடு ஒட்டிக்கொண்டு நடக்கும் ஏமாற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது.

தபால் வியாபாரத்துக்கான தளம் அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. 1854ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் நாடு முழுவதும் ஒரே கட்டணத்தைக் கொண்டுவந்தது. அரையணாத் தலை ஒட்டினால் கடிதம் எவ்வளவு தூரமும் போகும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பார்சல் போக வழி பிறந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. சென்னையில் இருக்கும் கடைக்காரர் பொருளை முதலில் அனுப்பினால் பணம் வருமா என்று அவருக்குக் கவலை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர் பணத்தை முதலில் அனுப்பினால் பொருள் வருமா என்று இவருக்குக் கவலை. யார் முதலில் கையை நீட்டுவது?

இருவருக்கும் நடுவே அரசாங்கம் வந்து நின்றது. பார்சல் தபால்காரரிடம் இருக்கும். வாங்குபவர் அவரிடம் பணம் கட்டுவார். அந்தப் பணம் அஞ்சலகத்துக்குப் போய், அங்கிருந்து மணியார்டராக வியாபாரிக்குப் போகும். மணியார்டர் வேலை 1880இல் அரசுக் கருவூலங்களிடமிருந்து அஞ்சல் துறைக்கு மாறியதும் இந்தச் சுற்று இன்னும் வேகம் பிடித்தது. வியாபாரியும் வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இருவரும் காக்கிச் சட்டையை நம்பினால் போதும்.

புத்தகம், கைக்கடிகாரம், லேகியம், தைலம், விதை எல்லாம் இப்படி ஊர் ஊராகப் போயின. பத்திரிகைகள் ஆண்டுச் சந்தாவைக்கூட வி.பி.பி. அனுப்பி வசூலித்தன. தபால்வழி விற்பனையில் கைதேர்ந்தவர்களில் ஒருவர் எஸ்.எஸ்.வாசன். ஜெமினி ஸ்டுடியோவை நடத்தி 'சந்திரலேகா' எடுத்தவராக நாடு அவரை அறியும். 1928இல் 'ஆனந்த விகடன்' இதழை வாங்குவதற்கு முன்பு அவர் விளம்பர முகவராகவும் தபால்வழிப் பொருள் விற்பவராகவும் பிழைத்தவர். விளம்பரத்தின் நாலு வரி, தூரத்தில் இருக்கும் ஒருவரை எப்படி அசைக்கும் என்பதை அவர் அந்தத் தொழிலில்தான் படித்திருக்க வேண்டும்.

பிரித்துப் பார்க்காமலே பணம் கட்டும் இந்த முறையில் பாதிப்பு வாங்குபவருக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. ஆர்டர் கொடுத்துவிட்டு, பார்சல் வந்ததும் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியவர்களால் சிறு வியாபாரிகளுக்குப் போகவரத் தபால் செலவு நட்டமானது. முன்பணம் வந்தால்தான் வி.பி.பி. அனுப்புவோம் என்று விளம்பரத்தின் அடியில் அச்சடித்தவர்கள் பட்டு அறிந்தவர்கள்.

1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டத்தைப் புரட்டினால், இந்த முறையில் எங்கெங்கே ஓட்டை விழும் என்று அரசு தெளிவாகக் கணித்திருந்தது தெரிகிறது. வி.பி.பி. பற்றிய 34, 35ஆம் பிரிவுகள் படிக்க வேண்டியவை. வாங்குபவரிடமிருந்து பணம் வந்து சேரும் வரை அந்தத் தொகைக்கு அரசு பொறுப்பேற்காது என்கிறது ஒன்று. அனுப்புபவர், உண்மையாகவே தமக்கு வந்த ஆர்டரின்பேரில்தான் இதை அனுப்புகிறேன் என்று உறுதி கொடுக்க வேண்டும் என்று விதி செய்ய இடம் தருகிறது அடுத்தது. கேட்காத பார்சலை அனுப்பி, வீட்டில் இருப்பவர் யாரோ ஆர்டர் செய்திருப்பார்கள் என்று நம்பவைத்துப் பணம் கறப்பதைத் தடுக்க வந்த உறுதிமொழி அது. இன்றைக்கும் ஆர்டரே செய்யாத பார்சல் 'கேஷ் ஆன் டெலிவரி' என்று வாசலில் வந்து நிற்கிறது. மகன் வாங்கியிருப்பான் என்று நினைத்துத் தாய் பணம் கொடுத்துவிடுகிறாள்.

அதே 35ஆம் பிரிவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மோசடி என்று தெரிந்தால், வசூலித்த பணத்தை அனுப்புநருக்குத் தராமல் நிறுத்திவைத்து, கட்டியவருக்கே திருப்பித் தரவும் விதி செய்யலாம். பணம் மணியார்டராக ஊர்ந்து போகச் சில நாட்கள் ஆகும். அதற்குள் ஏமாந்தவர் அஞ்சலகத்துக்கு ஓடிவந்தால் ஒரு வழி இருந்தது. வாங்குபவருக்கு அந்தக் காலத்தில் கிடைத்த உண்மையான பாதுகாப்பு இதுதான் என்று அழுத்திச் சொல்லலாம். பணம் வழியில் நின்ற அந்தச் சில நாட்களே அவருடைய கவசம். இந்த அஞ்சல் சட்டம் 2024 ஜூன் வரை நடப்பில் இருந்தது. அதன் பிறகே 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் இடத்தைப் பிடித்தது.

அஞ்சல் சட்டம் எட்டாத இடம் விளம்பரப் பக்கம். நீரிழிவு, புற்றுநோய், வெண்குட்டம் என்று எந்த நோய்க்கும் ஒரு தபால்பெட்டி எண் மருந்து வைத்திருந்தது. 1954இல் நாடாளுமன்றம் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தை இயற்றியது. அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவையும் அதில் அடங்கும். அந்த அட்டவணை பின்னால் 54 இனங்களாக நீண்டது. இதை எதிர்த்து ஹம்தர்த் மருந்து நிறுவனம் தொடுத்த வழக்கில், இப்படிப்பட்ட வணிக விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1959இல் கூறியது. சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் செல்லாது என்றது. எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்த நோய்ப் பட்டியலில் உள்ளவற்றுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் மருந்து வந்துகொண்டிருப்பதைப் பார்த்தால், அமலாக்கம் எவ்வளவு தளர்ந்து கிடக்கிறது என்பது விளங்கும்.

1970, 80களில் பத்திரிகைகளில் வந்த புதிர் விளம்பரங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்பது கட்டம், எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து வர வேண்டும். பள்ளிக்கூடப் பையனே போட்டுவிடுவான். விடையை அனுப்பினால் வாழ்த்துக் கடிதம் வரும்: டிரான்சிஸ்டர் உங்களுக்கு விழுந்திருக்கிறது, பாதி விலைதான், வி.பி.பி.யில் வருகிறது. பணம் கட்டிப் பிரித்தால் உள்ளே உதவாத பொம்மை ரேடியோ இருக்கும், இல்லை செங்கல் இருக்கும். விடை சரியாக இருந்தது என்ற பெருமைதான் அங்கே தூண்டில். ஏமாந்த தொகை சிறிது; அனுப்பிய முகவரியோ வடக்கே எங்கோ. ஊரார் சிரிப்பார்களே என்ற வெட்கம் வேறு. புகார் எழுதியவர்கள் குறைவு. அந்த மௌனத்தின் மேல்தான் தொழில் நடந்தது.

பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் கத்ரிசராய் என்றொரு ஊர். வெண்புள்ளிக்கு மருந்து என்று நாடெங்கும் விளம்பரம் செய்து தபாலில் விற்ற வைத்தியசாலைகளால் பெயர் பரவிய ஊர் அது. தபால் மோசடி வழக்குகளிலும் அடிபட்டது. கைபேசி வந்ததும் பரிசு விழுந்தது, கடன் தருகிறோம் என்று பேசி ஏமாற்றும் கும்பல்களைத் தேடிக் காவல்துறை அதே வட்டாரத்துக்கு மறுபடி போனது. ராஜஸ்தான், ஹரியானா எல்லையில் உள்ள மேவாத் பகுதியில் போலித் தங்கக்கட்டி விற்ற கும்பல்கள் இருந்தன. அவர்களின் வழியில் வந்தவர்கள் ஓ.எல்.எக்ஸ்.-இல் ராணுவ வீரர் வேடம் போட்டார்கள். பணி மாறுதலாகிப் போகிறேன், ஸ்கூட்டரை மலிவாகத் தருகிறேன் என்பது வசனம். இந்த ஊர்களின் மக்களையெல்லாம் ஒரே கண்ணால் பார்ப்பது அநீதி. ஆனால் ஏமாற்று ஒரு தொழிலாகக் கற்றுக்கொடுக்கப்பட்டு, கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு தலைமுறை தாண்டுகிறது என்பதை இந்த வட்டாரங்களின் கதை காட்டுகிறது.

இணையக் கடைகள் இந்தியாவில் 1999 வாக்கில் தொடங்கியும் ஆண்டுக்கணக்கில் தவழ்ந்தன. 2002இல் ரயில் டிக்கெட்டை இணையத்தில் எடுக்க முடிந்தது பெரிய மாற்றம். அட்டை எண்ணைக் கணினியில் தட்டப் பயந்தவர்களை உள்ளே இழுத்தது, 2007இல் தொடங்கிய பிளிப்கார்ட் 2010இல் கொண்டுவந்த 'கேஷ் ஆன் டெலிவரி'. வி.பி.பி.யின் பேரப்பிள்ளை என்றே அதைச் சொல்ல வேண்டும். வாசலில் ஒருவர் பார்சலோடு நிற்கிறார். காசு கொடுத்தால் பொருள். பின்னாளில் சில பொருட்களுக்கு, வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு ஒப்படைக்கும் வசதியும் வந்தது. 1877இன் விதி இழுத்து மூடியிருந்த கதவு அது. விலை கூடிய பொருளுக்கு அந்த வசதி இருந்தால் விட்டுவிடக் கூடாது. இல்லையென்றால் பிரிப்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் வீடியோ எடுத்துவைப்பது நல்லது. செங்கல் வந்தது என்று புகார் சொல்லும்போது அது கைகொடுக்கும்.

அட்டைக்குக் காவல் போட்டது ரிசர்வ் வங்கி. 2009 ஆகஸ்ட் முதல், இணையத்தில் அட்டை வழியாகப் பணம் கட்டக் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு கட்டாயமானது. நாளடைவில் அது ஓ.டி.பி.யாக எல்லோர் கைபேசியிலும் வந்து விழுந்தது. அட்டை எண்ணைத் திருடினால் மட்டும் போதாது என்றானதும் திருடர்கள் குரலை ஆயுதமாக்கினார்கள். "பேங்க்ல இருந்து பேசறோம் சார், உங்க கார்டு பிளாக் ஆகப்போகுது." ஜார்க்கண்டின் ஜாம்தாரா இந்த வகை அழைப்புகளால் நாடறிந்த பெயரானது. அந்த மாவட்டத்துக் கர்மாடாரில்தான் சமூகச் சீர்திருத்தவாதி ஈசுவர சந்திர வித்யாசாகர் தம் கடைசிக் காலத்தின் பல ஆண்டுகளைக் கழித்தார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வி.பி.பி. காலத்தில் நடுவில் நின்ற காக்கிச் சட்டையை மோசடிக்காரர் போட முடியவில்லை. அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். தொலைபேசியில் அந்தச் சட்டையை அவரே போட்டுக்கொண்டார். வங்கி அதிகாரி, கூரியர் ஊழியர், கஸ்டமர் கேர், கடைசியில் 'டிஜிட்டல் கைது' செய்யும் போலீஸ்காரர் வரை வந்தாயிற்று. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணிலும் இதே ஆபத்து இருக்கிறது. எண்ணை அந்தந்த நிறுவனத்தின் செயலிக்குள்ளிருந்தோ, அட்டையின் பின்புறத்திலிருந்தோ எடுப்பதே சரி. பேசும்போது, திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னால் அத்தோடு போனை வைத்துவிட வேண்டும்.

2016 ஏப்ரலில் வந்த யு.பி.ஐ. இந்த வரலாற்றையே இரண்டாகப் பிரிக்கிறது. மணியார்டரில் நாட்கணக்கில் ஊர்ந்த பணம் இப்போது நொடியில் போய்ச் சேருகிறது. வழியில் நிற்பதே இல்லை. பெட்டிக்கடைக்காரருக்கும் பூக்காரிக்கும் அது செய்த நன்மை பெரிது. ஆனால் மனம் மாறவோ சந்தேகப்படவோ இருந்த இடைவெளி போய்விட்டது. பழைய சோபாவை ஓ.எல்.எக்ஸ்.-இல் விற்க வந்தவரிடம், பணம் வர வேண்டுமானால் இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்று சொல்லியே கணக்கைக் காலி செய்தார்கள். பின் நம்பர் பணம் போவதற்குத்தான். வருவதற்கு அது வேண்டியதே இல்லை. பணம் கேட்டு வரும் 'கலெக்ட்' கோரிக்கைகள் வழியாக இந்த மோசடி பெருகியதால், தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். நன்றாகச் செய்தார்கள், சில ஆண்டுகள் முன்பே செய்திருக்கலாம்.

சமூக வலைத்தளக் கடைகளில் நிலைமை இன்னும் பின்னோக்கிப் போயிருக்கிறது. சேலம் இளம்பிள்ளைச் சேலைகள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நேராக வீடுகளுக்குப் போவது நெசவுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் கிடைத்த நல்வாய்ப்பு. அதே தளத்தில், வேறொருவர் எடுத்த சேலைப் படத்தைத் திருடிப் போட்டு, பாதி விலை சொல்லி, முழுப்பணத்தையும் முன்பே ஜிபேயில் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் பக்கங்களும் இருக்கின்றன. அங்கே நடுவில் நிற்க யாருமே இல்லை. 1877க்கு முந்திய கேள்விக்கே வாடிக்கையாளர் திரும்பிவிடுகிறார். ஆகவே அவரே விசாரிக்க வேண்டியிருக்கிறது. பக்கம் எப்போது தொடங்கியது, பெயர் மாறியிருக்கிறதா, கருத்துப் பகுதியை மூடிவைத்திருக்கிறார்களா, கடைக்கு முகவரி உண்டா, வீடியோ அழைப்பில் அந்தச் சேலையைக் காட்டுவார்களா? தயங்குகிற கடையை விட்டுவிடலாம். நண்பரின் படத்தைப் போட்ட கணக்கிலிருந்து அவசரம் என்று பணம் கேட்டால், அந்த நண்பரின் பழைய எண்ணுக்கு ஒருமுறை கூப்பிட்டுக் குரலைக் கேட்டால் தெரிந்துவிடும்.

சட்டமும் பின்தொடர்ந்து வந்திருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர்க்கும் அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2023 நவம்பரில் அரசு 13 வகைத் தந்திர வடிவமைப்புகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது போன்றவை அதில் அடங்கும். கடை கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இணையவழிப் பணத் திருட்டுக்கு வேறு எண்: 1930. 2021இல் 155260 என்ற எண்ணில் தொடங்கிப் பின்னர் இப்படிச் சுருங்கியது. நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்குப்படி, இணைய மோசடியில் மக்கள் இழந்த தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி. 1930இன் வேலை, 1898ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சலகத்துக்குத் தந்த அதே வேலைதான். ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும் பணத்தை, ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவதற்குள் வழியில் எங்காவது பிடித்து நிறுத்துவது. அன்று அதற்கு நாட்கள் இருந்தன, இன்று நிமிடங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையும் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்பவருக்கு இழப்பு இல்லை. ஓ.டி.பி.யைத் தாமே சொல்லிவிட்டவருக்கு, வங்கியிடம் தெரிவிக்கும் வரை போனது அவருடைய நட்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே யாரிடமும் சொல்லாமல் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கூட ரூபாயில் விலை இருக்கிறது. 1930க்குக் கூப்பிடும்போது வங்கியின் பெயர், கணக்கு அல்லது யு.பி.ஐ. விவரம், பரிவர்த்தனை எண், போன தொகை, போன நேரம் இவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். பின் நம்பரையும் ஓ.டி.பி.யையும் அங்கேயும் யாரும் கேட்கமாட்டார்கள்.