ஒவ்வாமையின் பூட்டும் சாவியும்

ஒரே சட்டி இறால் குழம்பைச் சாப்பிட்ட குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது. நாம் இறாலைக் குறை சொல்கிறோம். ஆனால் அந்த உடலில் 'ஐஜிஇ' என்ற ஆன்டிபாடி முன்பே காத்திருந்தது என்பதுதான் விஷயம்.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் இதைத் தனித்தனியே கண்டறிந்தனர். ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி வகைகளில் மிகக் குறைந்த அளவில் இருப்பது இதுவே. ரத்தத்தில் தனியாகத் திரியும்போது சுமார் 2 நாட்களில் பாதி அழிந்துவிடும். தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகிய இடங்களிலுள்ள மாஸ்ட் செல்களின் ஏற்பியில் ஒட்டிக்கொண்டாலோ வாரக்கணக்கில் விடாது.

அப்படி என்ன பிடி அது? ஆன்டிபாடியைக் கவட்டைக் கம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலுள்ள இரு கிளைகளும் இறால் புரதம் போன்ற ஒவ்வாப் பொருளைப் பிடிப்பவை. அடிக்காம்பு ஏற்பியில் அமர்கிறது. 2000-ஆம் ஆண்டு எக்ஸ்-கதிர் மூலம் இந்த இணைப்பின் வடிவத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். காம்பு ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகளால் ஆனது. எனவே சங்கிலிக்கு ஒன்றாக இரண்டு ஏற்பிகள் ஒட்டலாமே என்று தோன்றும். ஒட்டுவதில்லை. ஒரே ஏற்பி இரு சங்கிலிகளையும் இரண்டு இடங்களில் தொட்டு அமர்ந்துகொள்கிறது. இரண்டாவதற்கு இடமே இல்லை.

நம் உயிருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஏற்பிகள் ஒன்றோடொன்று இழுத்துச் சேர்க்கப்பட்டால்தான் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். ஒரு ஆன்டிபாடியே இரண்டு ஏற்பிகளைப் பிடித்துவிட்டால், எதையும் சாப்பிடாமலே ஒவ்வாமை கிளம்பிவிடும். இப்போதோ, ஒவ்வாப் பொருள் வந்து பக்கத்துப் பக்கத்து ஆன்டிபாடிகளுக்குப் பாலம் போட வேண்டியிருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ தெரிந்தவுடன் பிள்ளைக்கு முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. இது சரியல்ல. ஆன்டிபாடி இருந்தும் அறிகுறியே இல்லாதவர்கள் பலர். சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

2003-இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்ற ஒமாலிசுமாப் ஊசி, தனியாகத் திரியும் ஐஜிஇயைப் பிடித்து, அது ஏற்பியில் அமராமல் தடுக்கிறது. 2024-இல் உணவு ஒவ்வாமைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் இது முன்கூட்டியே தொடர்ந்து போட்டுவரும் ஊசி. மூச்சு முட்டி, தொண்டை வீங்கும் நேரத்துக்கு உடனடியாகத் தேவைப்படுவது அட்ரினலின் ஊசிதான். அதைப் போட்ட பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.