கஞ்சிக்கும் உண்டு ஓர் அறிவிப்பாளர் தொடர்



மதீனாவில் தையற்காரர் ஒருவர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பும் பரிமாறினார். தட்டின் ஓரங்களில் இருந்த சுரைக்காய்த் துண்டுகளை நபியவர்கள் தேடி எடுத்து உண்டதை, உடன் சென்ற அனஸ் (ரலி) அவர்கள் கண்டார்கள். அன்று முதல் அவர்களுக்கும் சுரைக்காய் பிரியமாயிற்று. இதை அவர்களிடம் கேட்டவர், அவர்களுடைய தாய்வழிச் சகோதரரின் மகன் இஸ்ஹாக். அவரிடம் கேட்டு இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்தார்கள். ஸஹீஹுல் புகாரியிலும் அது இடம்பெற்றது. சமைத்தவர், உண்டவர், கண்டவர், கேட்டவர் என்று ஒரு வேளை உணவுக்கே இவ்வளவு துல்லியமான சாட்சியம்!

நம் கொங்கு நாட்டு அடுப்படிகளுக்கு அப்படியொரு தொடர் எழுதப்பட்டிருக்கிறதா?

1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின் கோவைச் சீமை கும்பினியார் வசமானது. மறு ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் இப்பகுதியில் பயணம் செய்து பயிர், மண், வரி, நெசவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். 1807இல் அது நூலாக வந்தது. நிலத்தில் என்ன விளைந்தது என்பது அதில் உண்டு. விளைந்ததை நம் பெண்கள் எப்படிச் சமைத்தார்கள் என்பதை அறிய அது போதாது. நம் காலத்திலும் இதே கதைதான். 2001 முதல் நோன்புக் கஞ்சிக்கென அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. அரிசியின் எடை கோப்புகளில் இருக்கும்; கஞ்சியின் பக்குவம் காய்ச்சுபவரின் கையில் மட்டுமே இருக்கிறது.

கேட்டு எழுதும் பணிக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் சொற்களுக்கு 1982இல் அகராதி தந்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை 2000இல் வெளியிட்டார். சொல்லைப் போலவே சுவையும் மக்களின் வாயில் வாழ்வதுதான்.

அதனால் சென்ற ரமளானுக்கு முன், மதரஸாவில் ஓதும் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்து, வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னோம். இந்தக் கஞ்சியை யாரிடம் கற்றீர்கள்? அதில் என்னென்ன, எவ்வளவு? காய்ச்சியதை யார் யார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினீர்கள்?

முதலிரண்டு கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாக விடை வந்தது. தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள், தக்கனி உருது பேசுவோர், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து தங்கியவர்கள் என நம் மஹல்லா பலதரப்பட்டது. ஒரு வீட்டில் வெந்தயம் தூக்கல். மறுவீட்டில் தேங்காய்ப்பால் இன்றிக் கஞ்சியே இல்லை. அளவோ கைப்பிடி, உழக்கு, படி. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றதும், பங்கீட்டுக் கட்டுப்பாட்டை 1952இல் இராஜாஜி நீக்கியதும் நாம் பாடத்தில் படித்தவை. அந்தப் பஞ்ச நாள்களில் தன் தாய் கம்பை உடைத்துக் கஞ்சி காய்ச்சியதாக ஒரு மூதாட்டி சொன்னபோது, பாடம் நம் வீட்டுக்குள் வந்து அமர்ந்தது.

மூன்றாவது கேள்விக்குப் பலரும் விடை எழுதவில்லை. நாமே சென்று கேட்டோம். கோட்டைமேட்டில் ஒரு மூதாட்டி வெகுநேரம் பேசாமலிருந்து பிறகு சொன்னார்: “நோம்பு வந்தா தூக்குப்போசி நெறயாக் கஞ்சி பக்கத்துத் தெருவுக்குப் போகும் கண்ணு. அவங்க நோம்பிக்கு ஒப்பிட்டும் சந்தகையும் இங்க வரும். அந்தக் கலவரத்துக்கப்புறம் அவங்க வீடு மாத்திப் போயிட்டாங்க. போசி மட்டும் இங்க இருக்குது.”

1997 நவம்பர் கலவரமும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும் பறித்த உயிர்களை வரலாறு எண்ணி வைத்திருக்கிறது. நின்றுபோன தூக்குப்போசிகளை யார் எண்ணினார்கள்? சமையல் குறிப்பை இன்று கைப்பேசியில் நொடியில் பார்த்துவிடலாம். அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்த மூதாட்டியால் மட்டுமே சொல்ல முடியும். குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நம் பாட்டிமார் இந்த ஹதீஸை வாழ்ந்து காட்டியவர்கள். அதற்கான சாட்சியத்தைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

எனவே, பெற்றோர்களே, இந்த வாரமே உங்கள் வீட்டு மூத்தவர் அருகே அமருங்கள். அனுமதி பெற்று அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதை மறவாமல் எழுதுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் ஒன்றை அழிக்காதீர்கள். இரண்டையும் அவரவர் பெயரோடு வையுங்கள். அதுவே நம் முஹத்திஸீன்கள் காட்டிய வழி.

அந்த மூதாட்டியின் பேத்தி இந்த நோன்பில் அந்தப் போசியைத் துலக்கி, மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்குக் கஞ்சி கொண்டு போனாள். மறுநாள் அது வெறுமையாகத் திரும்பவில்லை.

அறுந்த தொடர்களை இணைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.