விண்வெளியில் விரல் மடக்குவது



விண்வெளிப் பயணம் என்றதும் ராக்கெட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். இன்று கையுறையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

வெற்றிடத்தில் உயிர் தங்க வேண்டுமானால் உடைக்குள் காற்றழுத்தம் வேண்டும். ஆனால் காற்று நிரம்பிய கையுறை பலூன் மாதிரி விறைத்துவிடும். நீளப் பலூனை ஊதி மடக்கிப் பாருங்கள், விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். மடக்கும்போது உள்ளே இடம் குறைகிறது, காற்று எதிர்க்கிறது. வீரர் விரலை மடக்கும் ஒவ்வொரு முறையும் இதே மல்லுக்கட்டுதான்.

அமெரிக்காவின் மெர்க்குரி திட்டத்துக்கு பி.எஃப். குட்ரிச் நிறுவனம் உடை தைத்தது. கைப்பிடியைப் பற்ற வசதியாகக் கையுறையின் விரல்களை வளைவாகவே அமைத்தார்கள். பொத்தானை அழுத்துவதற்காக நடுவிரலை மட்டும் நேராக விட்டார்கள். எளிய யோசனை, ஆனால் எத்தனை கூர்மை!

அவர்கள் கலத்துக்குள்ளேயே இருந்தார்கள். 1965 மார்ச் 18 அன்று சோவியத் வீரர் அலெக்ஸி லியோனோவ் முதன்முதலாக வெளியே வந்து மிதந்தார். உடை உப்பியது. விரல்கள் கையுறையின் நுனியை விட்டு விலகின, பாதங்களும் காலணிக்குள் நழுவின. திட்டப்படி காலை முதலில் வைத்து உள்ளே நுழைய முடியவில்லை. உடையின் அழுத்தத்தைக் குறைத்தார். ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி உண்டாகும் ஆபத்து தெரிந்தே செய்தார். தலையை முதலில் நுழைத்து உயிர் தப்பினார்.

அப்பல்லோவில் ஒவ்வொரு வீரரின் கையையும் அச்செடுத்து, அந்த அளவுக்கே ஐ.எல்.சி. நிறுவனம் கையுறை செய்தது. விரல் நுனியில் தொடு உணர்வுக்காக சிலிக்கோன் ரப்பர் வைத்தார்கள். 1971இல் அப்பல்லோ 15இன் டேவிட் ஸ்காட், விரல் நுனி கையுறையை நன்றாகத் தொட வேண்டும் என்று இறுக்கமாகவே வைத்துக்கொண்டார். நிலவில் மூன்று நாள், மொத்தம் 18 மணி நேரத்துக்கும் மேல் வெளியே வேலை. நகங்களுக்கு அடியில் ரத்தம் கட்டியது. உடன் சென்ற ஜேம்ஸ் இர்வின் தன் நகங்களை வெட்டிக்கொண்டார். அந்தக் கைகளோடுதான் இருவரும் சேர்ந்து, இரண்டு மீட்டருக்கும் ஆழமாகத் துளைத்த மண் மாதிரியைப் போராடி உருவி எடுத்தார்கள்.

தளர்ந்தால் பிடி போகும், இறுகினால் நகம் போகும். இரண்டுக்கும் நடுவில் வழி தேடியவர்கள் கணக்குப் போட்ட பொறியாளர்களும் தையல் இயந்திரத்தில் அமர்ந்த பெண்களும். நிலவு மண்ணைப் பற்றிப் படிக்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், கனமான ரப்பர் கையுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.